இணைப்பு போனது, ஆட்டமும் போனது

நூறு மெகாபிட் வேகத்துக்குப் பணம் கட்டியும் ஆன்லைன் ஆட்டம் பாதியில் அறுகிறது. கோளாறு பெரும்பாலும் வேகத்தில் இல்லை. தண்டனை மட்டும் ஆடுபவருக்கு.

ஆகஸ்ட் 30, 2020, ஞாயிற்றுக்கிழமை. உலக சதுரங்கக் கூட்டமைப்பான ஃபிடே முதல்முறையாக இன்டர்நெட் வழியே நடத்திய ஒலிம்பியாடின் இறுதிப் போட்டி. இந்தியாவுக்கு எதிரே ரஷ்யா. கொரோனா காலம் என்பதால் வீரர்கள் தங்கள் தங்கள் இடத்திலேயே கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து ஆடினார்கள். முதல் சுற்று 3-3 என்று சமனில் முடிந்தது. இரண்டாவது சுற்றின் நடுவே திருச்சூர்க்காரரான 16 வயது நிஹால் சரினுக்கும், நாக்பூரைச் சேர்ந்த 14 வயது திவ்யா தேஷ்முக்குக்கும் இணைப்பு அறுந்தது. கடிகாரம் மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது. திரும்ப வந்து காய் நகர்த்த வழியில்லாமல் இருவரும் நேரம் தீர்ந்து தோற்றார்கள். சுற்றை 4.5-1.5 என்று ரஷ்யா வென்றது.

இந்தியா முறையீடு செய்தது. வீரர்களின் வீட்டில் கோளாறு இல்லை என்பது சீக்கிரமே தெரியவந்தது. அன்று அமெரிக்காவின் சென்சுரிலிங்க் என்ற டெலிகாம் நிறுவனத்தின் நெட்வொர்க்கில் பிழையான ஒரு கட்டளை பரவி, உலகின் பல மூலைகளில் இணையதளங்கள் மணிக்கணக்கில் தடுமாறின. உலக இன்டர்நெட் போக்குவரத்தே 3.5 சதவீதம் குறைந்ததாக க்ளவுட்ஃப்ளேர் நிறுவனம் மதிப்பிட்டது. போட்டி நடந்த தளமும் அந்தச் சுழலில் சிக்கியது. கடைசியில் ஃபிடே தலைவர் அர்காடி துவார்கோவிச் தலையிட்டு இரு அணிகளுக்கும் தங்கம் என்று அறிவித்தார்.

இதில் ஒரு முரண் உண்டு. அதே போட்டியின் காலிறுதியில் ஆர்மீனியாவின் ஹைக் மார்ட்டிரோசியனுக்கு இணைப்பு அறுந்தது. அவரும் நேரம் தீர்ந்து தோற்றார். எதிரே ஆடியவர் இதே நிஹால் சரின். ஆர்மீனியாவின் முறையீடு நிராகரிக்கப்பட்டது. கோபத்தில் அந்த அணி அடுத்த சுற்றை ஆடாமலே விலகியது. தன் இணைப்புக்கு வீரரே பொறுப்பு என்பது விதி. அது ஓர் அணிக்குப் பொருந்தியது. இன்னோர் அணிக்கு உலகமே சேர்ந்து தடுமாறிய பிறகுதான் தளர்ந்தது.

சதுரங்கத்திலாவது முறையிட ஒரு குழு இருக்கிறது. தினமும் இரவு ஒன்பது மணிக்கு மேல் மொபைலையும் கம்ப்யூட்டரையும் எடுத்துக்கொண்டு துப்பாக்கிச் சண்டையில் இறங்குகிற லட்சக்கணக்கான இளைஞர்களுக்கு அதுவும் கிடையாது. கவுன்ட்டர் ஸ்ட்ரைக்கில் தரவரிசைப் போட்டியின் நடுவே இணைப்பு போய், குறித்த நேரத்துக்குள் திரும்ப முடியாவிட்டால், ஆட்டத்தைக் கைவிட்டு ஓடியதாகவே கணக்கு. முதல் தடவை 30 நிமிடம் தடை. அடுத்து 2 மணி நேரம், பிறகு 24 மணி நேரம், அதற்குப் பிறகு 7 நாள். தோற்கப்போவது தெரிந்து பிளக்கைப் பிடுங்கியவரையும், தெருமுனையில் கேபிள் அறுந்தவரையும் சர்வரால் பிரித்தறிய முடியாது. தரவரிசைப் புள்ளியும் போகும். கூட ஆடிய நான்கு பேர் திட்டுவது தனி.

உடனே எல்லோரும் செய்வது ஒன்றுதான்: இன்னும் வேகமான திட்டத்துக்கு மாறுவது. 50 மெகாபிட் போதாது, 100. அதுவும் போதாது, 300. ஆட்டம் அப்போதும் அறுகிறது. அறுவதில் ஆச்சரியமில்லை. ஒரு மணி நேரம் துல்லியமான வீடியோ பார்க்க 3 கிகாபைட் வரை செலவாகும். அதே ஒரு மணி நேரம் ஆடினால் சில நூறு மெகாபைட்டைத் தாண்டுவது அபூர்வம். ஆட்டத்துக்குத் தேவை அகலமான சாலை அல்ல. வழியில் எங்கும் நிற்காத பயணம்.

வீடியோ சில நொடிகளை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்கிறது. நடுவில் இரண்டு நொடி இணைப்பு போனாலும் பார்ப்பவருக்குத் தெரியாது. ஆட்டத்துக்கு அந்த வசதி இல்லை, அடுத்த நொடியில் எதிரி எந்தப் பக்கம் திரும்புவான் என்று முன்கூட்டி இறக்கி வைக்க முடியாது. வேலரன்ட் ஆட்டத்தின் சர்வர் நொடிக்கு 128 தடவை களத்தின் நிலையைக் கணக்கிடுகிறது. ஒரு கணக்குக்கும் அடுத்ததற்கும் இடையே 8 மில்லிசெகண்ட்கூட இல்லை. தகவல் பொட்டலம் ஒன்று வழியில் தொலைந்தால் பெரும்பாலான ஆட்டங்கள் அதைத் திரும்பக் கேட்பதும் இல்லை. ரேடியோவில் கிரிக்கெட் வர்ணனை கேட்கிறவர் கரகரப்பில் ஒரு பந்தைத் தவறவிட்டால் அடுத்த பந்தைத்தான் கேட்க விரும்புவார், பழைய பந்தை மறுபடி சொல்லச் சொல்லமாட்டார். ஒன்றிரண்டு தொலைந்தால் சமாளிக்கலாம். வரிசையாகத் தொலைந்தால் திரையில் ஆட்கள் உறைந்து நிற்பார்கள், பிறகு குதிப்பார்கள், கடைசியில் சர்வர் கதவைச் சாத்திவிடும்.

தாமதத்துக்கு இன்னொரு எல்லையை இயற்கையே வைத்திருக்கிறது. ஆப்டிகல் ஃபைபருக்குள் ஒளி ஒரு மில்லிசெகண்டில் சுமார் 200 கிலோமீட்டர்தான் போகும். சென்னையிலிருந்து மும்பைக்கு நேர்க்கோட்டில் ஆயிரம் கிலோமீட்டருக்குச் சற்று மேல். போய்வர குறைந்தது 10 மில்லிசெகண்ட். டெல்லியிலிருந்து சிங்கப்பூர் போய்வர 40க்குக் குறையாது. கேபிள் நேர்க்கோட்டில் போவதில்லை என்பதால் நடைமுறையில் கணிசமாகக் கூடும். பெரிய ஆட்டங்கள் மும்பையில் சர்வர் வைத்த பிறகு இந்தத் தொல்லை குறைந்தது. 'பிங்கைப் பாதியாக்குகிறோம்' என்று விளம்பரம் செய்யும் மென்பொருள்கள், சுற்றுவழியில் போகும் தகவலை நேர்வழிக்குத் திருப்பினால் கொஞ்சம் உதவும். ஒளியை முந்தும் வித்தை அவற்றிடம் இல்லை.

அறுவது எங்கே?

இந்தக் கேள்விக்கு விடை தெரியாமல் செய்யும் செலவெல்லாம் வீண். கண்டுபிடிக்கும் கருவியோ ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் இலவசமாகவே இருக்கிறது. 'பிங்' என்ற கட்டளை, குறிப்பிட்ட முகவரிக்கு ஒரு சிறு தகவலை அனுப்பி, பதில் வர எத்தனை மில்லிசெகண்ட் ஆனது என்று சொல்லும். தேர்ந்த ஆட்டக்காரர்கள் மூன்று ஜன்னல்களைத் திறந்து மூன்று இடங்களுக்கு இதை ஒரே நேரத்தில் ஓடவிடுகிறார்கள். முதலாவது, வீட்டிலுள்ள ரவுட்டருக்கு. அதன் முகவரி பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1. இரண்டாவது, ரவுட்டரைத் தாண்டி, இணைப்பு தரும் நிறுவனத்தின் முதல் நிலையத்துக்கு. மூன்றாவது, வெளியே தொலைவிலுள்ள ஒரு பெரிய சர்வருக்கு. ஆட்டம் அறுந்த கணத்தில் ரவுட்டரே பதில் சொல்லவில்லை என்றால் குற்றவாளி வீட்டுக்குள். ரவுட்டர் சொல்லி, நிறுவனத்தின் நிலையம் சொல்லவில்லை என்றால் தெருவில். இரண்டும் சொல்லி மூன்றாவது மட்டும் மௌனமானால் அதற்கும் அப்பால். ஐந்து நிமிடம் ஓடவிட்டுப் பயனில்லை. இரவு ஒன்பதிலிருந்து பதினொன்று வரை ஓடவேண்டும். இதில் ஒரு பொறி உண்டு. வழியிலுள்ள சில நிலையங்கள் வேலை மும்முரத்தில் பிங்குக்குப் பதில் சொல்லாது, ஆனால் தகவலைச் சரியாகக் கடத்திவிடும். அதற்கு அடுத்த நிலையங்களிலும் இழப்பு தொடர்ந்தால்தான் அது இழப்பு.

பெரும்பாலான வீடுகளில் குற்றவாளி முதல் முப்பது அடிக்குள்ளேயே அகப்படுவான். பெயர்: வைஃபை. பழைய 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒன்றோடொன்று இடிக்காத சேனல்கள் மூன்றே மூன்று: 1, 6, 11. ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் சுற்றிலும் இருபது ரவுட்டர்கள் அந்த மூன்றுக்கும் முண்டியடிக்கின்றன. சமையலறையில் மைக்ரோவேவ் அடுப்பைப் போட்டால் அதுவும் அதே அலைவரிசையில் இரைகிறது. 5 கிகாஹெர்ட்ஸில் நெரிசல் குறைவு. ஆனால் செங்கல் சுவர் இரண்டைத் தாண்டுவதற்குள் அது களைத்துவிடும். வரவேற்பறையில் டிவிக்குப் பின்னால் ரவுட்டரும், கடைசி அறையில் ஆட்டமுமாக இருக்கும் வீட்டில் எந்தத் திட்டத்துக்கு மாறியும் பலனில்லை.

மருந்து பழையது, மலிவானது: ஒரு ஈதர்நெட் கேபிள். நூறு மீட்டர் வரை தாராளமாக வேலை செய்யும். சுவரோரம் வயர் ஓடுவது வீட்டுப் பெரியவர்களுக்குப் பிடிக்காது என்பது தொழில்நுட்பத்தால் தீராத பிரச்னை.

மொபைலில் ஆடுகிறவர்களுக்கு அந்த வயரும் இல்லை. அவர்களுக்கென்று தனிச் சங்கடங்கள். வைஃபை சற்று மங்கியதும் பல போன்கள் உதவுவதாக நினைத்துக்கொண்டு தாமாகவே மொபைல் டேட்டாவுக்குத் தாவும். தாவிய கணத்தில் முகவரி மாறுகிறது. சர்வருக்கு இவர் யாரோ புது ஆள். அந்தத் தானியங்கி வசதியை செட்டிங்கில் அணைத்துவிட்டால் பாதித் தொல்லை தீரும். இரட்டை சிம் இன்னொன்று. ஒரு சிம்மில் டேட்டா ஓடும்போது மற்ற சிம்மில் அழைப்பு வந்து எடுத்தால், பெரும்பாலான போன்களில் டேட்டா நின்றுவிடும். அம்மா அழைக்கிற சிம்மிலேயே ஆடுவது உத்தமம். லேப்டாப்பிலும் இதுபோல ஒரு 'உதவி' உண்டு: மின்சாரத்தை மிச்சப்படுத்த நெட்வொர்க் கார்டை விண்டோஸ் தூங்கவைக்கிறது. அந்த அனுமதியை ரத்து செய்ய ஒரு நிமிடம் போதும்.

பிங் எண் நன்றாகவே இருக்கிறது, ஆனால் வீட்டில் வேறு யாராவது எதையாவது செய்தால் உடனே எகிறுகிறது என்றால் நோய் வேறு. தங்கையின் போன், அன்று எடுத்த கல்யாண வீடியோவை எல்லாம் சேமிப்பகத்துக்கு ஏற்றத் தொடங்குகிறது. ரவுட்டர் ஆயிரக்கணக்கான பொட்டலங்களை வரிசையில் நிற்கவைக்கிறது. ஆட்டத்தின் தம்மாத்துண்டு தகவல், ரேஷன் கடையில் மூட்டை மூட்டையாக வாங்குகிறவர்களுக்குப் பின்னால் தீப்பெட்டி வாங்க நிற்பதுபோல நிற்கிறது. 15 மில்லிசெகண்ட் 400 ஆகிறது. நல்ல ரவுட்டர்களில் வரிசையை ஒழுங்குபடுத்தும் வசதி இருக்கிறது. மொத்த வேகத்தை லைனின் திறனைவிடப் பத்து சதவீதம் குறைத்து வைத்து, சின்னப் பொட்டலங்களை முன்னே விடும்படி செய்தால் ஆட்டம் அசையாது. வேகத்தைக் குறைத்தால் ஆட்டம் சீராகும் என்பதை நம்ப மறுப்பவர்களே அதிகம். நிறுவனங்கள் இலவசமாகத் தரும் பெட்டிகள் பலவற்றில் இந்த வசதியும் இருப்பதில்லை.

அடுத்து, தெரு. ஃபைபர் பூமிக்கடியில் பத்திரமாக வருவதாக விளம்பரப் படங்கள் காட்டும். நகரங்களில் பெரும்பாலும் அது மின்கம்பம், மரக்கிளை, மொட்டைமாடி என்று தாவித் தாவித்தான் வீட்டுக்கு வந்துசேர்கிறது. காற்றடித்தால் ஆடும். லாரி உயரமாக வந்தால் அறும். வாரணாசியில் கங்கைப் படித்துறைகளில் வைஃபை அமைக்க இழுத்த கேபிளைக் குரங்குகள் கடித்துத் தின்றது 2015இல் உலகச் செய்தியானது. முழுதாக அறுந்துவிட்டால்கூடப் பரவாயில்லை, பெட்டியில் சிவப்பு விளக்கு எரியும், ஆள் வருவார். பாதி மடங்கிய ஃபைபரும், மோசமாக ஒட்டிய இணைப்பும்தான் வில்லங்கம். ரவுட்டரின் பக்கத்திலேயே வந்துசேரும் ஒளியின் அளவைப் பார்க்கலாம். மைனஸ் 20 டிபிஎம்மை ஒட்டி இருந்தால் நிம்மதி. மைனஸ் 27ஐ நெருங்கினால், வெயிலிலும் மழையிலும் அறுந்து அறுந்து ஒட்டும். வீட்டுக்கு வரும் டெக்னீஷியனிடம் காட்டவேண்டிய எண் இதுதான். வேகச் சோதனையின் முடிவு அல்ல.

மின்வெட்டு தனி அத்தியாயம். ரவுட்டருக்கென்றே கைக்கடக்கமான யூபிஎஸ் இப்போது கடைகளில் கிடைக்கிறது. மின்சாரம் போனாலும் பெட்டியின் விளக்குகள் எரிகின்றன. ஆனாலும் இணைப்பு இல்லை! சிறிய கேபிள் ஆபரேட்டர்கள் இணைப்பு தரும் இடங்களில், தெருவிலோ குடியிருப்பின் தரைத்தளத்திலோ ஒரு ஸ்விட்ச் இருக்கும். அதற்கு பேட்டரி வைத்தால்தான் மேலே உள்ள அத்தனை யூபிஎஸ்ஸுக்கும் அர்த்தம். வைக்கவேண்டியது ஆபரேட்டரா, குடியிருப்போர் சங்கமா என்ற விவாதம் முடிவதற்குள் மின்சாரமே வந்துவிடுகிறது.

தெருவுக்கு அப்பால் போனால் ஆடுபவர் கையில் எதுவும் இல்லை. 2016 டிசம்பரில் வர்தா புயல் சென்னையைத் தாக்கியபோது கடலடி கேபிள் இணைப்பு பாதித்து இன்டர்நெட் தவழ்ந்தது. 2025 செப்டம்பரில் செங்கடலில் கேபிள்கள் அறுந்து இந்தியாவிலிருந்து மேற்கே போகும் தகவல் சுற்றுவழியில் போனது. கேபிளையாவது கப்பல் அனுப்பி ஒட்டலாம். ஜம்மு காஷ்மீரில் 2019 ஆகஸ்ட் 5ஆம் தேதி நிறுத்தப்பட்ட அதிவேக மொபைல் இணைப்பு, 2021 பிப்ரவரி 5ஆம் தேதிதான் முழுமையாகத் திரும்பியது. பதினெட்டு மாதம். இடையில் கிடைத்த 2ஜியில் மருத்துவரின் ஆலோசனை கேட்பதே பெரும்பாடு. ஆட்டத்தைப் பற்றி யார் பேச? அரசு உத்தரவால் அதிக முறை இன்டர்நெட் முடக்கப்பட்ட நாடு என்று 2018 முதல் 2023 வரை தொடர்ந்து ஆறு ஆண்டுகள் இந்தியாவைக் குறிப்பிட்டது ஆக்சஸ் நவ் அமைப்பு. சில மாநிலங்களில் அரசு வேலைக்கான தேர்வில் காப்பியடிப்பதைத் தடுக்கக்கூட இணைப்பைத் துண்டித்திருக்கிறார்கள். ரவுட்டரை அணைத்துப் போடலாம், உத்தரவை அணைக்க முடியாது.

ஒரு காலத்தில் இந்தப் பேச்சே வேறு மாதிரி இருந்தது. விஎஸ்என்எல் 1995 ஆகஸ்ட் 15ஆம் தேதி பொதுமக்களுக்கு இன்டர்நெட்டைத் திறந்துவிட்டபோது டெலிபோன் லைன்தான் வழி. பக்கத்து அறையில் யாராவது ரிசீவரை எடுத்தால் போதும், எல்லாம் போயிற்று. குற்றவாளி யார் என்பதில் சந்தேகமே இல்லாத காலம் அது. அடுத்த பத்தாண்டுகளில் தெருவுக்குத் தெரு முளைத்த நெட் கஃபேக்களில் பையன்கள் கவுன்ட்டர் ஸ்ட்ரைக் ஆடியது ஒரே அறைக்குள் வயரால் பின்னிய கம்ப்யூட்டர்களில். வெளி இணைப்பு செத்தாலும் ஆட்டம் சாகவில்லை. பெரிய போட்டிகளின் இறுதிச் சுற்றை இன்றும் ஒரே அரங்கில் வீரர்களைக் கூட்டிவைத்து நடத்துவதற்கு முக்கியக் காரணமும் இதுவே. ஆனால் அந்த மேடைக்கு வந்துசேரத் தாண்டவேண்டிய தகுதிச் சுற்றுகள் வீட்டிலிருந்துதான். சாதாரண ஊரில், சாதாரண இணைப்பில் ஆடுகிற திறமைசாலி வடிகட்டப்படுவது அங்கேதான்.

இது பொழுதுபோக்கு விவகாரம் மட்டும் என்று தள்ளிவிடவும் முடியாது. ஹாங்ஜோ ஆசிய விளையாட்டில் இ-ஸ்போர்ட்ஸுக்குப் பதக்கமே உண்டு. மத்திய அரசு 2022 டிசம்பரில் இ-ஸ்போர்ட்ஸை விளையாட்டு அமைச்சகத்தின் கீழ் கொண்டுவந்தது. பணம் கட்டி ஆடும் சூதாட்டங்களைத் தடைசெய்த 2025ஆம் ஆண்டுச் சட்டமே இ-ஸ்போர்ட்ஸைத் தனியாகப் பிரித்து அங்கீகரித்தது. விளையாட்டு என்று சொன்னாயிற்று. மைதானத்தின் நிலை?

அரசின் அளவுகோலைப் பார்த்தால் புரியும். பிராட்பேண்ட் என்றால் என்ன என்று 2004இல் வகுத்தபோது 256 கிலோபிட் என்றார்கள். 2013இல் 512 ஆனது. 2023இல் 2 மெகாபிட். மூன்று முறையும் வேகம், வேகம், வேகம். தாமதம், தாமதத்தின் ஏற்ற இறக்கம், பொட்டல இழப்பு ஆகியவற்றையும் கணக்கில் சேர்த்த டிராய் அமைப்பின் புதிய தர விதிகள் 2024 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தன. நல்ல மாற்றம்தான். ஆனால் அவை சராசரிக் கணக்குகள். ஆட்டம் போவதோ செவ்வாய்க்கிழமை இரவு 9.47க்கு, இரண்டு நொடியில். சராசரியில் அந்த இரண்டு நொடி காணாமல்போகும்.

வாடிக்கையாளர் சேவைக்குப் போன் செய்தால் நடப்பது பெரும்பாலோருக்கு மனப்பாடம். பெட்டியை அணைத்துப் போடச் சொல்வார்கள். போட்டால் புதிதாக முகவரி கிடைத்துச் சில மணி நேரம் ஓடவும் செய்யும். பிறகு வேகச் சோதனை. நூறு காட்டும். புகார் முடித்துவைக்கப்பட்டதாகச் செய்தி வரும். இரவு முழுக்க ஓடவிட்ட பிங் பதிவைத் தேதி, நேரத்தோடு அனுப்புகிறவர்களின் புகாரை அவ்வளவு சுலபமாக மூட முடிவதில்லை. கம்பத்தில் ஏறி இணைப்பை வெட்டி மறுபடி ஒட்ட ஆள் வருவது பெரும்பாலும் அதற்குப் பிறகுதான். அவர் வருவது பகல் வேளை. ஒன்பது மணி ஆட்டம் சரியாக ஓடுகிறதா என்று பார்க்க இரவுவரை காத்திருக்க வேண்டும்.